மிஸ் வைத்த பேர்

பெங்களூருக்குப் போக யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாவது பஸ் ஏறியிருப்பேன். நானோ வேலூருக்குப் போவதுபோல ஒரு கட்டைப்பையும் கொஞ்சம் முறுக்குமாகக் கிளம்பிவிட்டேன்.

நான் செய்யாறு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எங்கள் பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. கர்நாடகத்தில் அதற்குள் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் என் தங்கை சுமதியின் மகள் யாழினியைக் கூட்டிவந்து எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம். சுமதியும் அவள் வீட்டுக்காரர் முருகேசனும் பொம்மசந்திராவில் கம்பெனி வேலைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போனில் அழுதவள் சுமதிதான்.

"இட்டுகினு போயிடுக்கா. பள்ளிக்கூடத்துல வாயே தொறக்க மாட்டேன்றாளாம். சாயந்தரம் நான் வர்ற வரிக்கும் உள்தாப்பா போட்டுகினு தனியா குந்தினு இருக்கா. எனக்கு மிஷின்ல கையே ஓட மாட்டேங்குது."

எனக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் நானும் ஃபேனும்தான். அன்றைக்கே பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்தேன். தலைமையாசிரியையிடம் சொல்லிவைத்தேன். பாத்திரக் கடையில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, 'யாழினி' என்று பேர் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் 'ழ'வுக்கு வாலை ரொம்ப அழகாக இழுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம், "பொம்மசந்திரா வந்தா சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டேன். "சொல்றேம்மா" என்றவர் டிரைவரிடம் மைத்துனன் கல்யாணக் கதையைத் தொடங்கினார். அந்தக் கல்யாணம் முடிவதற்குள் பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறிவிட்டது. ஏறினால் இறங்கவே இறங்காத பாலம். கீழே கண்ணாடிக் கட்டடங்களும் மொட்டைமாடிகளும் காயப்போட்ட துணிகளும் போய்க்கொண்டே இருந்தன. "பொம்மசந்திரா எப்ப வரும்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "அது எப்பவோ போயிடுச்சேம்மா" என்றார். கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். என்னைக் கொண்டுபோய் பாலத்தின் அந்தக் கோடியில் இறக்கிவிட்டார்கள்.

திரும்பி வர நகரப் பேருந்து. பெண்களுக்கு இலவசம் என்று சுமதி சொல்லியிருந்தாள், அதனால் தைரியமாக ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் ஆதார் கேட்டார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தமிள்நாடு" என்றார். ஏதோ சீட்டாட்டத்தில் தப்பான சீட்டைப் போட்டுவிட்டதுபோல அதை என்னிடமே நீட்டி, "டிக்கெட் தகொள்ளி" என்றார்.

"எங்க ஊர்லயும் எங்களுக்கு ஃப்ரீதான்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது. பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு அரசாங்கமும் பெண்களுக்கு டிக்கெட் கேட்பதில்லை, நான் மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். சுமதிக்கும் இதே கதைதான், ஆதாரில் இன்னும் செய்யாறு விலாசம்தான் இருக்கிறது.

எனக்கு முன்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் நின்றபடி பன்னைக் கடித்துக்கொண்டிருந்தாள். போனில் யாரிடமோ தமிழில் பேசினாள். "சாப்ட்டேன்மா. சாதம், ரசம், பொரியல் எல்லாம் இருந்துச்சு. வயிறு ஃபுல்லும்மா." பேசி முடித்ததும் மீதி பன்னைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசலாமா என்று நினைத்தேன். அதற்குள் இறங்கிவிட்டாள்.

சுமதி இருப்பது கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில். ஒரே அறை, மேலே ஷீட், கதவைத் திறந்தால் எதிர்ச் சுவர். ஒரு பக்கத்து வீட்டில் ஒடிசாப் பையன்கள் சிலர். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. பார்த்தால் சிரிப்பார்கள், நாமும் சிரித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கத்தில் ஸ்டெல்லா என்று ஒரு அம்மாள். தங்கவயல்காரி. தாத்தா ஆரணிப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்குப் போனவராம். இவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் பிள்ளைகள் தங்கும் ஒரு பி.ஜி.யில் விடியற்காலையே போய்ச் சமைத்துவிட்டு, மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

யாழினி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எட்டு வயதுக்குச் சின்ன உடம்பு. நான் தட்டை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது இன்னா டிசைன் பெரியம்மா?"

"டிசைனா? உம் பேருடி!"

"ஓ, தமிழா?" என்றாள். ஒன்றாம் வகுப்பில் படித்ததெல்லாம் மறந்துவிட்டிருந்தது. அவள் ஒரு பென்சிலை எடுத்து நோட்டின் பின்பக்கத்தில் ஜாங்கிரி ஜாங்கிரியாக எதையோ சுற்றி எழுதி, "இதான் எம் பேரு" என்று காட்டினாள். இப்போது எனக்கு அது டிசைனாகத் தெரிந்தது. பெரியம்மாவும் மகளும் ஒருவர் காட்டிய பேரை ஒருவர் படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

"ஆனா கன்னடத்துல 'ழ' இல்ல பெரியம்மா. அதனால யாளினின்னு எழுதணும். மிஸ்ஸுக்கு அதுவும் வாயில வராது. அவங்க என்னப் பாப்பான்னுதான் கூப்புடுவாங்க."

"பாப்பாவா?"

"ஆமா. மத்த பசங்கள எல்லாம் பேரு சொல்லிக் கூப்புடுவாங்க. என்ன மட்டும் பாப்பா." முகமெல்லாம் பூரிப்பு. "அதனால நான் ஊருக்கு வரமாட்டேன் பெரியம்மா. மிஸ் என்னத் தேடுவாங்க."

சுமதி என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து முறுக்கை எடுத்து வைத்தேன். யாழினி சம்மதிக்காமல் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று முருகேசன் சொல்லியிருந்தார். அதனால் அவளைச் சம்மதிக்க வைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

மறுநாள் சுமதி வேலைக்கும் யாழினி பள்ளிக்கும் போய்விட்டார்கள். முருகேசனுக்கு அந்த வாரம் இரவு வேலை, பகலில் அந்த ஒற்றை அறையில் தூங்கினார். அவர் தூங்கட்டும் என்று நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அதுவும் சலித்துக் கடைத்தெருவுக்குப் போனேன். ஜூன் மாதத்தில் அப்படி ஒரு குளிர் தூறல். எங்கள் ஊரில் அந்நேரம் தரையில் கால் வைக்க முடியாது. ஊர் என்னவோ அழகான ஊர்தான், யாரிடம் அதைச் சொல்வது?

நின்று சாப்பிடுகிற ஒரு கடையில் இட்லி வாங்கினேன். தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். இதை எங்கள் பள்ளியில் ஊற்றினால் பிள்ளைகள் கரண்டியோடு என்னைத் துரத்துவார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ நீளமாகக் கேட்டார். யாழினி காலையில் சொல்லிக் கொடுத்திருந்ததைச் சொன்னேன். "கன்னட பரல்ல." கன்னடம் வராது என்று அர்த்தம். "யார் இன்னா கேட்டாலும் இத சொல்லிடு பெரியம்மா, அப்புறம் உன்னக் கேக்க மாட்டாங்க" என்றிருந்தாள். சரியாகத்தான் சொல்லியிருந்தாள். பெரியவர் தலையாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் வாயாடி. ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் உட்காரவைப்பவள். அப்படிப்பட்டவள் அன்று மாலைக்குள் மளிகைக் கடையில் பருப்பை விரலால் காட்டி வாங்கினேன். விலை கேட்கக்கூட வாய் வரவில்லை. கடைக்காரர் தமிழ் தெரிந்தவராகக்கூட இருந்திருக்கலாம். தப்பாகப் பேசி நாலு பேர் சிரிப்பதைவிடப் பேசாமல் இருப்பது சுலபம் என்று தோன்றிவிட்டது. யாழினியும் இதே கடைக்கு வந்தால் விரலால்தான் காட்டுவாளாம். பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் எதையோ தப்பாகச் சொல்லி எல்லோரும் சிரித்ததிலிருந்து வெளியில் ஒரு கன்னட வார்த்தை பேசுவதில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டால் அதையும் சொல்ல மாட்டாள்.

சாயங்காலம் ஸ்டெல்லா ஒரு கிண்ணத்தில் கேழ்வரகு உருண்டை கொண்டுவந்தாள். நான் களி என்று நினைத்து மென்றேன்.

"மெல்லக் கூடாதுக்கா. கிள்ளி, சாருல தொட்டு அப்படியே முழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டிக்கும்" என்றாள்.

"மெல்லாம எப்படிம்மா முழுங்கறது?"

"பழகிடும். இந்த ஊர்ல எல்லாமே அப்படித்தான்" என்று சிரித்தாள். "நாங்க மூணு தலமொறையா இந்த ஸ்டேட்டுதான். இன்னும் எந்த ஊருன்னு கேப்பாங்க. கே.ஜி.எஃப்.னு சொன்னா, அது இல்லம்மா, சொந்த ஊரும்பாங்க. ஆரணிக்குப் போனா அங்கயும் எந்த ஊருன்னு கேக்கறான். எங்க போறது?"

சுமதி இருட்டிய பிறகுதான் வந்தாள். கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறாள். காலை நீட்டி உட்கார்ந்தவளிடம் வேலை எப்படி என்று கேட்டேன்.

"சேர்ந்த புதுசுல சூப்பர்வைசர் வந்து நின்னுகினு 'பேக மாடு, பேக மாடு'ன்னு கத்துவான்க்கா. ஏண்டா என்ன மாடுன்ற, உங்கொப்பன் மாடுன்னு மனசுக்குள்ள திட்டிகினே தைப்பேன். ரெண்டு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சுது, 'சீக்கிரம் செய்'னு அர்த்தமாம்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். "அர்த்தம் தெரிஞ்சப்புறமும் மாடுன்னுதான்க்கா கேக்குது" என்றாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முருகேசனும் அன்றைக்குக் கொஞ்சம் பேசினார். காண்ட்ராக்டில் இருக்கிறார். நிரந்தரம் எப்போது என்று கேட்டால் உள்ளூர்க்காரர்களுக்குப் போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்கிறார்களாம். வண்டிக்குத் தமிழ்நாட்டு நம்பர். "டிவில காவிரின்னு வந்துச்சுன்னா வண்டிய வீட்டுக்குள்ள ஏத்திடுவேன் அண்ணி. யாரும் ஒண்ணும் பண்ணல. இருந்தாலும் ஒரு பயம்." வண்டியை உள்ளே ஏற்றினால் அந்த அறையில் மூன்று பேர் எங்கே படுப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படுக்க முடியாது.

அடுத்த நாள் யாழினியோடு அவள் பள்ளிக்குப் போனேன். மிஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் டி.சி. கேட்கத்தான் போனேன். சமையல்கூடம் எங்கே இருக்கிறது என்று என் கால் தானாகத் தேடிப் போனது. அங்கே அதற்கு 'பிசி ஊட்டா' என்று பேர். பிள்ளைகள் 'பிஸி'யாக இருக்கும்போது போடுவதோ என்று நினைத்தேன். சூடான சாப்பாடு என்று யாழினி திருத்தினாள். அண்டாவில் எட்டிப் பார்த்தேன். சாம்பார் தண்ணியாக இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சமைக்கிற அம்மாளிடம் நானும் உன் ஜாதிதான், இதே உத்தியோகம்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. கரண்டி கிளறுவதுபோலக் கையைச் சுற்றி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் எனக்குப் பசிக்கிறது போலிருக்கிறது என்று ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்துவிட்டார்.

மிஸ்ஸுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல முகம். யாழினியின் தலையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் இருந்த இன்னொரு ஆசிரியையிடம் பேசினார். "பாப்பா, அவளிகெ கன்னட பரல்ல" என்பது மட்டும் எனக்குக் காதில் தனியாக விழுந்தது. மற்ற ஆசிரியையும் யாழினியைப் பார்த்து, "பாப்பா" என்று தலையை ஒரு பக்கம் சாய்த்தார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு இளக்கம். என்னிடம் திரும்பிய மிஸ் உடைந்த தமிழில், "நல்ல பொண்ணு. டாக்கிங் இல்ல. ஒன்லி சிட்டிங்" என்றார்.

டி.சி. என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. நான் வேலை பார்க்கிற பள்ளியில் எத்தனை டீச்சர்கள் ஒரு பிள்ளையைப் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள்? எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எங்கிருந்தோ வந்த பிள்ளையை ஊர் பேர் தெரியாத ஒருத்தி இப்படித் தாங்குகிறாளே, இதைப் பிய்த்துக்கொண்டு போகிறோமே என்று திரும்பி வரும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் பிற்பகல் ஸ்டெல்லாவோடு காய் வாங்கப் போனேன். தூறல் விடவில்லை. தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன இடத்தில், சாப்பாடு கொண்டுபோகிற பையன் ஒருவன் வண்டியோடு சறுக்கி விழுந்தான். முதுகில் இருந்த பெரிய பெட்டி திறந்து, பொட்டலங்கள் சேற்றில் சிதறின.

"ஐயோ, பாப்ப!" என்று கத்திக்கொண்டே ஸ்டெல்லா ஓடினாள்.

நானும் ஓடினேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். பையன் எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா தேடுற?" என்றாள் ஸ்டெல்லா.

"பாப்பான்னு கத்தினியே, கொழந்த எங்க?"

ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அக்கா, நீ வேற! கன்னடத்துல அது கொழந்த இல்ல. பாவம்னு அர்த்தம். நம்ம 'ஐயோ பாவம்'னு சொல்லுவோமே, அதான். 'பாப்ப.' நீட்டக் கூடாது, சட்டுனு வெட்டணும்."

"யாரப் பாத்து அப்படிச் சொல்லுவாங்க?"

"யாரனா கஷ்டப்படறவங்கள. அடிபட்டவங்க, நாதி இல்லாதவங்க. நீ பஸ்ஸுல மாட்டிகினு சுத்தினத சுமதி சொன்னப்ப, உன்னக்கூட சொன்னேன்" என்று மறுபடியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள். "இன்னா ஆச்சுக்கா?" என்று கேட்டாள். நான் காய்க்கடைப் பக்கம் நடந்தேன்.

கத்தரிக்காய் வாங்கினோமா, முள்ளங்கி வாங்கினோமா என்று எனக்கு நினைவில்லை. இரக்கப்படுவது ஒன்றும் குற்றமில்லை. நானே எத்தனை பிள்ளைகளைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று ஒரு கரண்டி கூடப் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கும் பேர் இருந்தது. ஆனால் அது என் வீட்டுப் பிள்ளையின் மேல் வந்து விழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அதைச் செல்லப்பேர் என்று நினைத்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தபோது தெருவென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அவளை இங்கே விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது என் வேலை சுலபம். ஊருக்கு வரமாட்டேன் என்பதற்கு அவள் சொல்கிற ஒரே காரணம் அந்தப் பேர்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அழுவாள். அழுது முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

யாழினி புதுத் தட்டில் முறுக்கை உடைத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். ஷீட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுமதி வர இன்னும் நேரம் இருந்தது. தினமும் இந்த நேரத்தில் இவள் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாகத்தான் இருப்பாள்.

"யாழி, மிஸ் உன்னப் பாப்பான்னு கூப்புடுறாங்க இல்ல?" என்று ஆரம்பித்தேன்.

"ம்."

"அதுக்கு..."

தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். முறுக்கைக் கடிக்காமல் வாயில் வைத்தபடி என்னையே பார்த்தாள். "அதுக்கு இன்னா பெரியம்மா?"

அந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் பிடுங்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிற நான் யாருக்காகக் கூட்டிக்கொண்டு போகிறேன்? உண்மையைச் சொன்னால் அவளுக்காக மட்டும் இல்லை. செய்யாறு வீட்டில் மத்தியானத்துக்குப் பிறகு எனக்குப் பேச ஆள் இல்லை. அதுதான் என்னைப் பஸ் ஏற்றியது. கேழ்வரகு உருண்டையைப் போல வார்த்தையை மெல்லாமல் விழுங்கினேன்.

"அதுக்கு என்ன, நல்ல மிஸ்ஸுன்னு சொல்ல வந்தேன்."

அவள் முறுக்கைக் கடித்தாள்.

சுமதி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை இங்கேயே இருக்கட்டும், மிஸ்ஸை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாள் என்றேன். பாப்பாவின் அர்த்தத்தை அவளிடமும் சொல்லவில்லை. சுமதி அழுதாள், ஆனால் போனில் அழுத அழுகை அல்ல. "நானே சொல்லிட்டேனே தவிர, நீ வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா" என்றாள்.

சாயங்காலத் தனிமைக்கு ஒரு வழி பண்ண வேண்டும். ஸ்டெல்லாவிடம் நானே போய்க் கேட்டேன். பள்ளிவிட்டு வந்ததும் சுமதி வரும்வரை பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கட்டுமா?

"இதக் கேக்க செய்யாறுலேர்ந்து ஆள் வரணுமா?" என்று ஸ்டெல்லா கோபித்துக்கொண்டாள். "நடுவுல ஒரே செவுரு. ஒரு வருசமா அந்தப் பொண்ணு உள்ள தனியா கீது, இந்தப் பக்கம் நான் தனியா கீறேன். சுமதி கேப்பான்னு நான் இருந்தேன்."

"நீங்க கூப்புடுவீங்கன்னு நான் இருந்தேன்க்கா" என்றாள் சுமதி. இரண்டு பேரும் தமிழ்தான் பேசுகிறார்கள். அதையாவது முன்னமே பேசியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். எல்லைவரை நகரப் பேருந்து, அங்கிருந்து நம் ஊர் வண்டி. எல்லையில் இருக்கிற அந்த ஊரை நாம் அத்திப்பள்ளி என்போம், அவர்கள் அத்திபெலெ என்கிறார்கள். சுமதியும் யாழினியும் வழியனுப்ப நிறுத்தம்வரை வந்தார்கள். தட்டை அங்கேயே விட்டுவிட்டேன். கட்டைப்பை வரும்போது இருந்ததைவிட இலேசாக இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ் வந்தது. கூட்டம் பிதுங்கியது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் நின்றுகொண்டு, "சார், அத்திப்பள்ளி போவுமா? சார், எறக்கி விடுவீங்களா?" என்று தமிழில் கத்தினேன். கண்டக்டர் கூட்டத்துக்குள் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. வந்த அன்று பாலத்தின் மேல் போனது நினைவுக்கு வந்தது.

அப்போது யாழினி சுமதியின் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். படிக்கட்டின் கம்பியைப் பிடித்து எம்பி, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அங்கிள், அத்திபெலெலி இளிசி! பாப்ப, அவ்ரிகெ கன்னட பரல்ல!"

கண்டக்டர் திரும்பினார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆயித்து புட்டி, இளிஸ்தீனி" என்று, இறக்கிவிடுவதாகத் தலையாட்டிச் சிரித்தார். விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. சுமதி வாயில் கை வைத்தபடி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடத்தில் அந்தக் குரல் வெளியில் கன்னடம் பேசி அவளும் கேட்டதில்லை. யாழினி எனக்குக் கையாட்டினாள்.

'பாப்ப'வை அவள் நீட்டவில்லை. ஸ்டெல்லா சொன்னதுபோலச் சட்டென்று வெட்டினாள். எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தாள்.

அவளுக்கு எப்போதோ தெரியும். மிஸ் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொண்டேதான், அம்மாவைப் பிரியாமல் இருக்க அதைச் செல்லப்பேர் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் சொல்லாமல் விழுங்கியதை அவள் எனக்கு முன்னாலேயே எங்களுக்காக விழுங்கிவிட்டாள்.

அவள் சொன்னதைக் கேட்ட ஒரு அம்மாள் என்னை இளக்கமாகப் பார்த்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பஸ்ஸில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கண்டக்டர் வந்தார். ஆதாரைக் காட்டாமலே டிக்கெட் எடுத்துக்கொண்டேன்.

அத்திபெலெ வந்ததும் மறக்காமல் என்னைக் கூப்பிட்டு இறக்கிவிட்டார்.